ஒரு டர்ன்டேபிள், இரண்டு ஊசி

மலிவான டர்ன்டேபிள் எது என்று விசாரிப்பவர்களில் பெரும்பாலோர் இரண்டு வகை. ஒருவருக்கு இருபது வயது இருக்கும். ஸ்கிராட்ச் கற்றுக்கொள்ள வேண்டும், இரண்டு பாட்டைத் தாளம் பிசகாமல் கோக்க வேண்டும் என்ற ஆசை. இன்னொருவர் வீட்டுப் பரணில் தாத்தா விட்டுப்போன ஒரு பெட்டி. உள்ளே கனமான கறுப்புத் தட்டுகள், அவற்றுக்கு மேல் சில எல்.பி.க்கள், உறை கிழிந்த ஈ.பி.க்கள். கடைக்காரர் இந்த இருவரையும் இரண்டு வெவ்வேறு அலமாரிகளுக்கு அனுப்புவார். இளைஞருக்கு டிஜே கருவிகள். மற்றவருக்கு, பழைய பாட்டுக்குப் பழைய தோற்றமே பொருத்தம் என்று சொல்லி, சூட்கேஸ் வடிவத்தில் ஸ்பீக்கரும் உள்ளேயே வைத்த ஒரு பிளேயர்.

இந்த இரண்டாவது யோசனைதான் தப்பு. தாத்தாவின் தட்டுகளுக்கு ஏற்ற மலிவான கருவி பெரும்பாலும் டிஜே அலமாரியில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. பழைய தட்டு கேட்கும் இரசிகர்களில் பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். டிஜே என்றாலே தட்டைப் பிறாண்டிக் கெடுக்கிற ஆள் என்ற எண்ணம் அவர்களுக்கு. பிறாண்டுவது ஆளின் வேலை. கருவியை அதற்காகத் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

டிஜே கருவி என்று இன்று சொல்லப்படுவது பிறந்தபோது டிஜேக்களுக்காகப் பிறக்கவில்லை. ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் டெக்னிக்ஸ் என்ற பெயரில் 1970-இல் எஸ்பி-10 என்ற டர்ன்டேபிளை வெளியிட்டது. ஷுயிச்சி ஒபாட்டா என்ற பொறியாளரின் கைவண்ணம் அது. அதுவரை மோட்டார் ஒரு பக்கமாக இருக்கும்; ரப்பர் பட்டையோ ரப்பர் சக்கரமோ அதன் சுழற்சியைத் தட்டுமேடைக்குக் கொண்டுசேர்க்கும். எஸ்பி-10-இல் மேடையின் அச்சே மோட்டாரின் அச்சு. இடையில் எதுவும் இல்லை. இதைத்தான் டைரக்ட் டிரைவ் என்கிறோம். இரண்டு வருடம் கழித்து, 1972-இல், அதே தத்துவத்தில் எஸ்எல்-1200 வந்தது. நாற்காலியில் சாய்ந்து பாட்டுக் கேட்கும் குடும்பஸ்தருக்காக விற்கப்பட்ட கருவி அது.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக்காரர்கள் டர்ன்டேபிளுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தில் நடந்த விருந்து ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. அங்கே பாட்டுப் போட்ட கூல் ஹெர்க், கூட்டம் ஆடித் தீர்ப்பது பாட்டின் நடுவே வரும் தாள வாத்தியப் பகுதிக்குத்தான் என்பதைக் கவனித்தவர். ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, அந்தப் பகுதியை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். அடுத்து வந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் இதைத் துல்லியமாக்கினார். தட்டைக் கையால் பிடித்து நிறுத்தும்போது கீழே மேடை தொடர்ந்து சுழல வேண்டும். அதற்கு ரப்பர் விரிப்பு ஒத்துவராது என்று, ஃபெல்ட் துணியைத் தட்டின் அளவுக்கு வெட்டி, தொய்யாமல் நிற்கக் கஞ்சி போட்டுப் பயன்படுத்தினார். இன்று கடையில் விற்கும் ஸ்லிப்மேட்டின் முன்னோடி அதுதான். தட்டை முன்னும் பின்னும் தேய்த்து அந்தச் சத்தத்தையே வாத்தியமாக்கியது கிராண்ட் விசார்ட் தியடோர் என்ற சிறுவன். ஸ்கிராட்ச் பிறந்தது அப்படித்தான், 1970களின் நடுவில்.

இந்த விளையாட்டுகளுக்கெல்லாம் ரப்பர் பட்டையில் ஓடும் பெல்ட் டிரைவ் ஈடுகொடுக்காது. தட்டைப் பிடித்தால் பட்டை வழுக்கும். விட்டால், மேடை சோம்பல் முறித்துக்கொண்டு வேகம் பிடிக்கும். அதற்குள் தாளம் போய்விட்டிருக்கும். டைரக்ட் டிரைவில் மோட்டார் ஒரு நொடிக்குள் மேடையை முழு வேகத்துக்குக் கொண்டுவந்துவிடும். டெக்னிக்ஸ்காரர்கள் இந்தப் புது வாடிக்கையாளர்களைப் பார்த்து 1979-இல் எஸ்எல்-1200 எம்கே2-ஐ வடிவமைத்தார்கள். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வலது ஓரத்தில் நீளமான நகர்த்துப் பிடி, குவார்ட்ஸ் படிகத்தால் கட்டுப்படும் மோட்டார், அதிர்வைத் தாங்கும் கனத்த உடல். அந்த வரிசை மொத்தத்தில் 30 லட்சத்துக்கும் மேல் விற்றது. 2010-இல் நிறுத்தினார்கள், 2016-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்று மற்றவர்கள் மலிவாகச் செய்யும் கருவிகள் பெரும்பாலும் அந்த எம்கே2-இன் நகல்கள். அவற்றில் பல தைவானின் ஹான்பின் தொழிற்சாலையில் உருவாகி, வெவ்வேறு கம்பெனிகளின் பெயர் ஒட்டப்பட்டு வருகின்றன. பெயர்ப்பலகைக்காக அதிக விலை கொடுக்கும் முன் இதை நினைவில் வைப்பது நல்லது.

இனி தாத்தாவின் பெட்டியில் இருக்கும் அந்தக் கறுப்பு அரக்குத் தட்டுகளுக்கு வருவோம்.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இந்தத் தட்டுகள் வினைல் வருவதற்கு முந்தைய வகை. கனிமப் பொடியை அரக்கால் பிணைத்துச் செய்தவை. அந்த அரக்கில் பெரும்பகுதி உலகத்துக்கே இந்தியாவிலிருந்து போனது. 1902-இல் கல்கத்தாவுக்கு வந்த கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க், நவம்பரில் பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். 1908-இல் அங்கேயே சியால்தாவில் கிராமபோன் கம்பெனி தட்டு அச்சடிக்கத் தொடங்கியது, பிறகு டம்டம். சென்னையில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் சினிமாவுக்கு வருவதற்கு முன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி ஓடியன் ரெக்கார்டுகளை விற்றார். கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள், தியாகராஜ பாகவதர் என்று அந்தத் தலைமுறையின் குரல் பெரும்பாலும் இந்தத் தட்டுகளில்தான் கிடைக்கிறது. மேற்கு நாடுகளில் 78 மறைந்துபோன பிறகும் இங்கே அது உயிரோடு இருந்தது. கரண்ட் இல்லாத ஊர்களில் சாவி கொடுக்கிற கிராமபோன்கள் ஓடிக்கொண்டிருந்ததே காரணம். பீட்டில்ஸ் பாட்டுகள்கூட 1960களில் இந்தியாவில் 78 தட்டாக அச்சாயின. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்று அவற்றுக்காக அலைகிறார்கள். ஆகவே நம் பக்கத்துப் பரண் பெட்டியில் 78 இருக்கும் வாய்ப்பு அதிகம். டர்ன்டேபிள் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: பெட்டியில் 78 இருக்கிறதா?

இருந்தால், கடையில் இருக்கும் கருவிகளில் பாதி அப்போதே கழிந்துவிடும். ஆடியோ-டெக்னிகாவின் ஏடி-எல்பி60எக்ஸ் நல்ல சின்னக் கருவி. பொத்தானை அழுத்தினால் கை தானே எழுந்து போய் உட்காரும், பாட்டு முடிந்ததும் தானே திரும்பும். ஆனால் அதில் 33-உம் 45-உம்தான். ரீகா, ப்ரோ-ஜெக்ட் போன்ற பெல்ட் டிரைவ் கருவிகளை ஒலிப் பிரியர்கள் பரிந்துரைப்பார்கள், எல்.பி. கேட்க அவை இனிமையானவைதான். அவற்றின் தொடக்க மாடல்கள் பலவற்றில் 78-க்குச் சுவிட்சு இல்லை, ஊசித்தலையைக் கழற்றி மாற்றவும் முடியாது. டிஜே வேலைக்கும் ஆகாது.

78 என்று எழுதியிருந்தாலும் அந்தத் தட்டுகள் எல்லாம் சரியாக 78-இல் பதிவானவை அல்ல. மின்சாரப் பதிவு வருவதற்கு முன் ஒவ்வொரு பதிவுக்கூடமும் தன் கணக்கில் ஓட்டியது. எழுபதிலிருந்து தொண்ணூறு வரைகூடப் போகும். பிறகு ஒரு தரம் வந்தபோதும் மின்சாரத்தின் அலைவெண்ணைப் பொறுத்து அமெரிக்காவில் 78.26, நம்மைப் போல 50 ஹெர்ட்ஸ் இருக்கும் இடங்களில் 77.92 என்று அமைந்தது. இந்தக் கடைசி வித்தியாசம் காதுக்குத் தெரியாது. முதல் வகை வித்தியாசம் நன்றாகத் தெரியும். வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறும். நாலு கட்டையில் பாடினவர் நாலரைக் கட்டையில் பாடியதாக ஒலிப்பார். குரலின் கனம் போய்விடும், பிருகாக்கள் அவசரப்படும். பழைய பாடகர்கள் எல்லாரும் கீச்சுக் குரலில் பாடினார்கள் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருப்பதற்கு, தப்பான வேகத்தில் ஓட்டி இணையத்தில் ஏற்றிய தட்டுகளும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.

இங்கேதான் டிஜேயின் பிட்ச் ஃபேடர் கைகொடுக்கிறது. இரண்டு பாட்டின் தாளத்தைச் சேர்ப்பதற்காக வைத்த அந்த நகர்த்துப் பிடி, பாகவதரைச் சரியான சுருதியில் உட்கார வைக்கவும் அதே அளவுக்கு உதவும். 8 சதவீத வீச்சு என்றால் 78-ஐ ஏறக்குறைய 72 முதல் 84 வரை நகர்த்தலாம். 16 சதவீதம் என்றால் 65-இலிருந்து 90 வரை. ஒலிப் பிரியர்களுக்கான கருவிகளில் இந்த வசதி தேட வேண்டுமானால் விலை எங்கோ போய்விடும். ஆடியோ-டெக்னிகாவின் ஏடி-எல்பி120எக்ஸ்யூஎஸ்பி, 2019-இல் 250 டாலர் அளவில் வந்த கருவி, இரண்டு வீச்சையும் தருகிறது. டைரக்ட் டிரைவ், மூன்று வேகம், கழற்றி மாட்டும் ஊசித்தலை, உள்ளேயே ப்ரீஆம்ப், கணினிக்கு யூஎஸ்பி. இந்தியாவுக்கு வரும்போது சுங்கம், கடை லாபம் எல்லாம் ஏறி விலை வேறாகத்தான் இருக்கும். ஆனாலும் பரண் பெட்டிக்காரருக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான்.

கருவியைவிட முக்கியம் ஊசி. 78 தட்டின் பள்ளம் அகலமானது. 1948-இல் கொலம்பியா கொண்டுவந்த எல்.பி.யின் பள்ளம் அதைவிட மிகக் குறுகல். அதனாலும், வேகம் குறைவு என்பதாலும்தான் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பாட்டு அடங்குகிறது. எல்.பி. ஊசியின் முனை சுமார் 18 மைக்ரான் ஆரம். 78-க்கு 76 மைக்ரான் வேண்டும். எல்.பி. ஊசியை 78-இல் வைத்தால் அது பள்ளத்தின் சுவர்களைத் தொடாமல் அடியில் விழுந்துவிடும். பாட்டு இருப்பது சுவரில். அடியில் இருப்பது எண்பது வருடத்துத் தூசும் தேய்மானமும். தட்டு கெட்டுப்போனது என்று தூக்கிப் போடுகிறவர்கள் பலர் உண்மையில் கேட்டது தப்பான ஊசியின் இரைச்சலைத்தான். தட்டில் இருக்கும் கனிமப் பொடி அந்தச் சின்ன முனையை அரைத்தும் விடும். பிறகு அதே ஊசியை எல்.பி.யில் வைத்தால் எல்.பி. பாழ்.

ஆகவே 78-க்குத் தனி ஊசி வேண்டும். இதில் பெரிய செலவில்லை. எல்பி120எக்ஸ் உடன் வரும் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியைச் செருகும் சின்னக் கூடு, விஎம்95 குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்திலேயே 78-க்கான எஸ்பி ஊசி இருக்கிறது. பழைய ஊசியை உருவிவிட்டு அதைச் செருகினால் போதும். இன்னும் வசதி வேண்டுமென்றால், இன்னொரு ஊசித்தலையில் இன்னொரு கார்ட்ரிட்ஜை நிரந்தரமாகப் பொருத்தி வைத்துக்கொண்டு, வளையத்தைத் திருகி மொத்தமாக மாற்றலாம். ஊசி தட்டில் அழுந்தும் எடையை மட்டும் மறக்கக் கூடாது. எல்.பி. ஊசி 2 கிராமில் நடக்கும். 78 ஊசிக்குச் சுமார் 5 கிராம் வேண்டும். சில கருவிகளின் எதிர்எடை வளையத்தில் எண்கள் 4 கிராமோடு நின்றுவிடும். நகைத் தராசு மாதிரி ஒரு சின்ன டிஜிட்டல் தராசு கிடைக்கிறது. அதை வாங்கிக்கொள்வது உத்தமம்.

இன்னொரு சின்ன உபாயமும் உண்டு. 78 தட்டுகள் மோனோ. ஒலி பள்ளத்தின் இடவல அசைவில் மட்டும் இருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் இருப்பது வெறும் கரகரப்பு. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜின் இரண்டு சானலையும் ஒன்றாகச் சேர்த்தால் அந்த மேல்கீழ் அசைவு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஆம்ப்ளிஃபயரில் மோனோ சுவிட்சு இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் கணினியில் பதிவு செய்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இரைச்சல் கணிசமாகக் குறையும், காசும் செலவில்லை.

சூட்கேஸ் பிளேயரை ஏன் இவ்வளவு வெறுக்கிறேன் என்று இப்போது சொன்னால் புரியும். அதில் மூன்று வேகமும் எழுதியிருக்கும். ஊசி ஒன்றுதான், அது 78-க்குப் பொருந்தாது. கையில் எதிர்எடை இல்லை. செராமிக் கார்ட்ரிட்ஜ் 5, 6 கிராம் கனத்தில் எல்.பி.யின் மீது அழுந்தும். ஸ்பீக்கர் அதே பெட்டிக்குள் அதிர, அந்த அதிர்வு ஊசிக்குத் திரும்பிப் போகும். ஒரு தட்டைப் போட்டவுடன் அது நாசமாகிவிடாது, அந்த அளவுக்குப் பயமுறுத்த வேண்டாம். ஆனால் மறுபடி கிடைக்காத தட்டுகளை அதில் போட்டுப் பார்ப்பதில் என்ன லாபம்? பரணில் குழாய் வைத்த சாவிக் கிராமபோனும் இருந்தால் அதில் 78 மட்டும் போடலாம். இரும்பு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். எல்.பி.யை அதன் பக்கத்தில்கூடக் கொண்டுபோகக் கூடாது. ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும்.

இளைஞரிடம் திரும்புவோம். அவருடைய கஷ்டம் வேறு: அவருக்கு ஒன்று போதாது. கலப்பதற்கு இரண்டு டர்ன்டேபிள், நடுவில் ஒரு மிக்ஸர். பட்ஜெட் அங்கேயே இரட்டிப்பாகிறது. அதனால்தான் டிஜேயாக விரும்பும் பலர் முதலில் கன்ட்ரோலர் எனப்படும் மின்னணுப் பலகையிலேயே நின்றுவிடுகிறார்கள். தாளம் சேர்ப்பதும் பாட்டுத் தேர்வும் அதிலேயே கற்றுக்கொள்ளலாம், தப்பில்லை. ஸ்கிராட்ச் மட்டும்தான் குறி என்றால், ஒரே ஒரு நல்ல டர்ன்டேபிளும் ஒரு சின்ன மிக்ஸரும் முதல் வருடத்துக்குப் போதும். நியூமார்க்கின் பிடி01 ஸ்கிராட்ச் போன்ற கையடக்கப் பெட்டியில் பழகுகிறவர்களும் உண்டு. அது பெல்ட் டிரைவ்தான். சின்னத் தட்டும் சின்ன மேடையுமாக இருப்பதால் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. ஆனால் அதை முதல் கருவியாக வாங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

நம் ஊரில் டிஜே வேலையை எந்தப் பட்டமும் இல்லாமல் பல வருடம் பார்த்தவர்கள் மைக் செட்காரர்கள். கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் ஒரு ரெக்கார்ட் பிளேயர், ஒரு ஆம்ப்ளிஃபயர், மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்கள். எந்த நேரத்தில் எந்தப் பாட்டு என்ற கணக்கு அவர்களுக்கு அத்துப்படி: விடியலில் பக்திப்பாட்டு, பெண் அழைப்புக்கு ஒன்று, சாப்பாட்டுப் பந்திக்கு ஒன்று. கூட்டத்தின் மூச்சறிந்து தட்டு மாற்றுவதுதான் டிஜேயின் முதல் பாடம் என்றால், அதை பிராங்க்ஸில் போய்க் கற்க வேண்டியதில்லை. கேசட் வந்து அந்த பிளேயர்களை ஓரங்கட்டிவிட்டது.

ஸ்கிராட்ச்காரருக்குத் தேவையான முதல் குணம் முறுக்குவிசை. டெக்னிக்ஸ் எம்கே2-இன் தொடக்க முறுக்குவிசை 1.5 கிலோகிராம்-சென்டிமீட்டர். பல வருடம் உலகத்தையே அதில் ஆட்டினார்கள். 2014-இல் வந்த பயனியர் பிஎல்எக்ஸ்-1000-இல் அது 4.5. கூடுதல் விசை இருந்தால் தட்டை விட்டவுடன் பிடித்துக்கொள்ளும், கைக்குச் சுகம். அதன் தம்பி பிஎல்எக்ஸ்-500-இல் 1.6 தான், விலையும் ஏறக்குறைய பாதி. வீட்டில் கற்றுக்கொள்ள அது போதும், பாட்டுக் கேட்கவும் உதவும். ரீலூப்பின் ஆர்பி-2000 எம்கே2-உம் டைரக்ட் டிரைவ், இன்னும் சிக்கனம். அதே ரீலூப்பின் ஆர்பி-1000 எம்கே2 பெல்ட் டிரைவ். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்; விளம்பரத்தில் படம் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். பெட்டியின் மேல் டைரக்ட் டிரைவ் என்று எழுதியிருக்கிறதா என்று படித்துவிட்டுக் காசைக் கொடுங்கள். எல்பி120எக்ஸில் தாளம் சேர்க்கலாம். கடும் ஸ்கிராட்சுக்கு அதன் மோட்டார் கொஞ்சம் மூச்சு வாங்கும். அந்த வேலைக்கென்று அதே கம்பெனி எல்பி140எக்ஸ்பி என்று ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறது.

ஊசியைத் தாங்கும் கையின் வடிவத்தில்தான் இரண்டு தேவைகளும் முதல்முறையாக முரண்படுகின்றன. ஸ்கிராட்சுக்கென்றே செய்த சில கருவிகளில் டோன்ஆர்ம் நேராக இருக்கும். தட்டைக் குலுக்கினாலும் ஊசி பள்ளத்தை விட்டு எளிதில் குதிக்காது. ஆனால் நேர்க்கையில் ஊசி பள்ளத்துக்கு உரிய கோணத்தில் நிற்பதில்லை. அதனால் ஒலி சிதையும், தட்டும் அதிகம் தேயும். எஸ் வடிவக் கையில் அந்தக் கோணம் பெருமளவு திருத்தப்பட்டிருக்கும். பழைய தட்டும் கேட்க வேண்டும் என்றால் எஸ் வடிவமே எடுங்கள். ஸ்கிராட்ச் உலகத்தின் பெரிய கைகள் பலரும் எஸ் கையிலேயே வித்தை காட்டியவர்கள்.

அடுத்த முரண்பாடு ஊசியில். பின்னோக்கித் தேய்க்கும்போது நீள்வட்ட முனையைவிட உருண்டை முனைதான் தட்டுக்கும் ஊசிக்கும் பத்திரம். எடையும் 3, 4 கிராம் வைப்பார்கள். ஷூர் எம்44-7 என்ற ஊசியை ஸ்கிராட்ச்காரர்கள் குலதெய்வமாகக் கும்பிட்டார்கள். 2018-இல் ஷூர் கம்பெனி கார்ட்ரிட்ஜ் தொழிலையே விட்டுவிட்டது. இன்று ஓர்ட்டோஃபோனின் கன்கார்ட் வகைகள் அந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன. டிஜே ஊசியில் எல்.பி. கேட்கலாம், உச்ச ஸ்தாயியின் நுணுக்கம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

பழைய தட்டையே ஸ்கிராட்ச் செய்யலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அரக்குத் தட்டைக் கட்டாயம் கூடாது. கைதவறினால் பீங்கான் மாதிரி உடையும். எக்கோ, இன்ரெகோ லேபிளில் வந்த இளையராஜா எல்.பி.க்களும் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. ஒரே இடத்தை முன்னும் பின்னும் தேய்த்தால் அந்த இடத்தில் நிரந்தரமாக இரைச்சல் விழும். இதற்கு வழி இருக்கிறது: தட்டை ஒருமுறை நல்ல ஊசியில் ஓட்டிக் கணினியில் பதிவு செய்துகொண்டு, அந்தப் பதிவைச் செராட்டோ போன்ற மென்பொருளில் ஏற்றி, கட்டுப்பாட்டுத் தட்டைத் தேய்ப்பது. அந்தத் தட்டில் பாட்டு இருக்காது, நேரக் குறியீட்டு ஒலி மட்டும் இருக்கும். கை அசைவை அது கணினிக்குச் சொல்ல, கணினி உங்கள் பாட்டை அப்படியே அசைக்கும். தேய்வது மறுபடி வாங்கக்கூடிய தட்டு. தமிழ்ப் பாட்டிலிருந்து துண்டெடுத்துப் புதுப் பாட்டு செய்வது புதிதும் அல்ல. பிளாக் ஐட் பீஸ் குழு ஸ்ரீ ராகவேந்திரர் படத்து இளையராஜா பாட்டை எடுத்தாண்டது. மாயா அருட்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த ஈழத்தமிழ்ப் பெண், 2007-இல் வந்த தன் காலா ஆல்பத்தில் தளபதியின் காட்டுக்குயிலை எடுத்தாண்டார்.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா? வாங்கலாம், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. நம் வீடுகளில் இருந்த எச்.எம்.வி. ஃபியஸ்டா வகைப் பெட்டிகள் மீது எனக்குப் பாசம் உண்டு, பரிந்துரை இல்லை. அந்தக் காலத்துப் பிளேயர்கள் பலவற்றில் திருப்பிப்போடும் ஊசி இருந்தது, ஒரு பக்கம் எல்.பி.க்கு, மறுபக்கம் 78-க்கு. இன்றைய சூட்கேஸைவிட அது புத்திசாலித்தனம். ஆனால் இத்தனை வருடத்தில் ரப்பர் சக்கரம் இறுகி, கார்ட்ரிட்ஜ் செத்துப்போயிருக்கும். ஸ்விட்சர்லாந்தின் லென்கோ எல்75 கிடைத்தால் அது வேறு கதை: வேகத்தை ஒரே வீச்சில் நினைத்த இடத்தில் நிறுத்தலாம், 78 பிரியர்களுக்குப் பொக்கிஷம், பழுது பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் பழைய டெக்னிக்ஸ் என்றால் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்ததில் 100 வோல்ட் என்று இருக்கும். நேராக நம் பிளக்கில் செருகினால் புகைதான். மின்மாற்றி வைத்தால் ஓடும், குவார்ட்ஸ் மோட்டாருக்கு அலைவெண் வித்தியாசம் ஒரு பொருட்டில்லை. ஆனால் அமெரிக்காவின் பழைய பெல்ட் டிரைவ்களில் பல, மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸை வைத்தே வேகம் கணக்கிட்டவை. அதை இங்கே 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 33 சுற்றுக்குப் பதில் 28 கூட வராது, எம்.எஸ். சுப்புலட்சுமி ஆண் குரலில் பாடுவார். வோல்ட்டேஜ் மாற்றி இதைச் சரிசெய்யாது. பிறகு டோன்ஆர்மை விரல் நுனியால் மெல்ல அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. பிட்ச் ஃபேடரைப் பூஜ்யத்தில் வைத்து, மேடையின் விளிம்புப் புள்ளிகள் ஸ்ட்ரோப் விளக்கில் அசையாமல் நிற்கின்றனவா என்று பாருங்கள். கிளப்பில் உழைத்த கருவி என்றால் ஃபேடர் தேய்ந்திருக்கும். ஊசி எப்படி இருந்தாலும் புதிது வாங்கும் காசையும் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வாங்கியதை இணைக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும்: கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மின்சாரம் சில மில்லிவோல்ட்தான். சாதாரண ஆம்ப்ளிஃபயர் எதிர்பார்ப்பது அதைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு. நடுவில் ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். எல்பி120எக்ஸிலும் பிஎல்எக்ஸ்-500-இலும் அது உள்ளேயே இருக்கிறது, பின்னால் ஒரு சுவிட்சு. டிஜே மிக்ஸரின் ஃபோனோ துளையில் செருகும்போது அந்தச் சுவிட்சை ஃபோனோ பக்கம் தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ப்ரீஆம்ப் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருக்கி ஒலி வெடிக்கும். சத்தமே வரவில்லை, அல்லது சத்தம் கிழிகிறது என்று புதிதாக வாங்கியவர்கள் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதில் பெரும்பங்கு இந்தச் சுவிட்சால்தான்.

தட்டைச் சுத்தம் செய்வதில் ஒரே ஒரு எச்சரிக்கை. எல்.பி.க்கு ஆல்கஹால் கலந்த திரவம் விற்கிறார்கள், வினைல் அதைத் தாங்கும். அரக்கு ஆல்கஹாலில் கரையும். மரச்சாமான் பாலிஷ் போடுகிற ஆசாரிக்கு அது அன்றாட வேலை. அந்தத் திரவத்தை 78-இல் தொட்டால் பாட்டே பாலிஷ் ஆகிவிடும். காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டு சோப்புத் திரவம், மென்மையான தூரிகை, லேபிள் நனையாமல் வட்டமாகத் துடைத்து, உடனே ஒற்றி எடுத்து, மின்விசிறியடியில் காய வைத்து, புது உறையில் செங்குத்தாக நிறுத்துங்கள். பூஞ்சை பூத்த தட்டுகளுக்கு இதை இரண்டாவது முறையும் செய்ய வேண்டியிருக்கும். அதன் பிறகே ஊசியை இறக்கலாம்.